ஓப்பல் வீட்டு மரங்கொத்தி

சமையலறை ஜன்னலைத் துளைத்துக்கொண்டு குண்டு உள்ளே வந்த நேரத்தில், ஓப்பல் கெஸ்ஸிங்கர் கீழே விழுந்த கைத்துண்டை எடுக்கக் குனிந்திருந்தாள். துண்டு மட்டும் ஒழுங்காகக் கொக்கியில் தொங்கியிருந்தால் அவள் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அந்த ஒஹாயோ மலையடிவாரத்தில் சவப்பெட்டிக்காரர் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை வந்திருக்கும். குண்டு அவள் தலை இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், அலமாரியில் இருந்த மாவு டப்பாவுக்குள் புகுந்தது. மாவு புகையாய்க் கிளம்பி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் கேக் தின்றுகொண்டிருந்த அவள் தம்பி கார்லைலின் மீசையில் படிந்தது.

கார்லைல் அவசரப்படவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்து வந்து, ஜன்னல் கண்ணாடியில் இருந்த ஓட்டையில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தான்.

"மரங்கொத்திக்கா," என்றான்.

"கண்ணாடியைக் கொத்துமாடா மரங்கொத்தி?"

"பசி வந்தா அதுக்கு மரம் தெரியுமா, கண்ணாடி தெரியுமா?"

ஓப்பல் மாவு டப்பாவைக் கவிழ்த்தாள். நசுங்கிய ஈயக்குண்டு ஒன்று மேசையில் உருண்டது. "அப்ப இது என்ன? அதோட அலகா?"

கார்லைல் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "நல்ல சரக்குக்கா. மான் வேட்டைக் குண்டு. விலை ஜாஸ்தி," என்று சொல்லி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி கேக்குக்குப் போனான்.

கார்லைலைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் பிரிம்லி ஹாலோ பொதுத் துப்பாக்கிச் சுடுதளத்தின் ஆயுள் உறுப்பினன். ஓப்பலின் கொல்லைப்புறம் முடிகிற இடத்தில் சரிவு ஏறுகிறது; சரிவின் உச்சியில் ஒரு மண்மேடு; அந்த மண்மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் சுடுதளம். சுடுகிறவர்கள் எல்லோரும் மண்மேட்டைப் பார்த்துச் சுடுவார்கள். மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் ஓப்பல் பாத்திரம் கழுவுவாள். கட்டின காலத்தில் அந்த மேடு ஒரு வீட்டு உயரம் இருந்தது. பல வருஷ மழையும் குண்டும் தின்றது போக, இப்போது ஒரு பசுமாடு நின்றால் அதன் தலை இந்தப் பக்கம் தெரியும். ஓப்பல் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: நாலைந்து லாரி மண் கொண்டுவந்து அதை உயர்த்த வேண்டும். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைப்பவள் அவள். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், ஜன்னலில் குண்டு வரும் வீட்டை எந்தப் புண்ணியவான் வாங்குவான்?

அந்த வாரமே சுடுதளக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனாள்.

கூட்டம் தீயணைப்பு நிலையத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. தலைவர் டர்வுட் ஹாலன்பெக் ஊரில் நாற்காலி சோபா விற்கிறவர். பெரிய உடம்பு, பெரிய குரல், நெஞ்சில் ஒரு பெரிய பித்தளை வில்லை. கூட்டத்தை அமைதிப்படுத்தத் தட்டுவதற்கு மற்ற ஊர்களில் மரச்சுத்தியல் வைத்திருப்பார்கள். டர்வுட் தன் கைத்துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, பிடியால் மேசையைத் தட்டினார். அப்படித் தட்டும்போதெல்லாம் குழாய் அவருடைய சொந்த வயிற்றைப் பார்த்தது.

"ஐயோ, அது சுட்டுடப் போகுது," என்றாள் ஓப்பல்.

"காலித் துப்பாக்கிம்மா," என்றார் டர்வுட், பரிவோடு.

பிறகு எல்லோரும் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துப் பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியும் குண்டு போட்டதாகவே கருதுவேன். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழாயை நீட்டமாட்டேன். சுடும் கணம் வரை விசையில் விரல் வைக்கமாட்டேன். என் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்திருப்பேன். கோயில் பூசாரி மந்திரம் சொல்கிற வேகத்தில் சொன்னார்கள். ஒருவர் கண்கூடக் கலங்கியிருந்தது.

"பின்னால நான் இருக்கேன்," என்றாள் ஓப்பல்.

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"நாலாவது விதி சொன்னீங்களே, குறிக்குப் பின்னால என்ன இருக்குன்னு. நான்தான் இருக்கேன். என் சமையல்கட்டு இருக்கு."

டர்வுட் துப்பாக்கியால் மேசையைத் தட்டினார். "அம்மா, நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். இந்தச் சுடுதளம் தொடங்கின நாள்லேர்ந்து ஒரு குண்டுகூட வெளியே போனது கிடையாது. ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

"விதிப்படி போகக் கூடாது. எங்க விதிப்புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்கு. விதியை மீறி ஒண்ணு நடந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியலை. அதனால நடக்கலை. இப்ப தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அறிக்கை வாசிப்பார்."

தலைமைப் பாதுகாப்பு அதிகாரி வெர்லின் ட்ராக்ஸல் எழுந்து நொண்டி நொண்டி முன்னால் வந்தார். அவருக்கு இடது காலில் கட்டைவிரல் கிடையாது. புதியவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தபோது, துப்பாக்கி காலியாக இருப்பதை எப்படி உறுதி செய்வது என்று செய்துகாட்டினார், அப்போது போனது. பாடம் அவ்வளவு நன்றாகப் பதிந்தது என்பதற்காகக் கமிட்டி அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. அந்தப் பதக்கத்தைத்தான் அவர் அன்றும் குத்தியிருந்தார்.

"விசாரிச்சோம்," என்றார் வெர்லின். "உறுப்பினர் கார்லைல் நேர்ல பாத்துச் சாட்சி சொல்லியிருக்காரு. மரங்கொத்தி. அதுல சந்தேகமே இல்லை."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா? பிரிம்லி ஹாலோவில் வேண்டியதில்லை. எல்லோரும் கை தூக்கி அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். கார்லைல் இரண்டு கையையும் தூக்கினான்.

ஓப்பல் உட்காரவில்லை. "சரி. திங்கள்கிழமை கவுண்டி மாவட்ட அலுவலகத்துல உங்க சுடுதள நிலத்தோட குத்தகையைப் புதுப்பிக்கறாங்களாமே. பக்கத்து நிலத்துக்காரங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னு கேப்பாங்களாம். நான் போய்ச் சொல்லிக்கறேன்."

நெஞ்சில் இருந்த வில்லையை டர்வுட் ஒருமுறை நேராக்கிக்கொண்டார். அவர் குரலில் தேன் ஒழுகியது.

"எதுக்கும்மா அவ்வளவு தூரம்? நாளைக்கு நீங்களே வந்து எங்க சுடுதளத்தைப் பாருங்க. எங்க ஒழுங்கைப் பாத்தீங்கன்னா உங்க மனசே மாறிடும்."

மறுநாள் மத்தியானம் ஓப்பல் போனாள். வாசல் கதவில் ஒரு பலகை இருந்தது. என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. எழுத்து இருந்த இடமெல்லாம் ஓட்டை. உள்ளே போகப் போக அதே கதைதான். 'வேகத்தைக் குறைக்கவும்' என்ற பலகையில் 'வே' மட்டும் பிழைத்திருந்தது. 'இந்தப் பலகையைச் சுடாதீர்' என்று ஒரு பலகை வைத்திருந்தார்களாம். இப்போது அங்கே கம்பம் மட்டும் நின்றது, அதுவும் பாதி.

"எந்தப் பலகையும் இங்க ஒரு வாரம் தாங்காது," என்றார் டர்வுட், கூடவே நடந்துகொண்டு. "பசங்களுக்குப் புதுப் பலகையைப் பாத்தா கை நமநமன்னு இருக்கும். நல்ல குறிபாக்கறவங்க, பாவம்."

சுடுகிறவர்கள் உட்காரும் நீளக் கொட்டகைக்கு வந்தார்கள். தகரக் கூரை. ஒவ்வொரு மேசைக்கும் நேர் மேலே கூரையில் சல்லடையாக ஓட்டைகள். வெயில் புள்ளி புள்ளியாக இறங்கிக்கொண்டிருந்தது. மழை நாளில் இங்கே குடை பிடித்துக்கொண்டு சுடுவார்கள் என்று கார்லைல் சொல்லியிருந்தான். அவன் விளையாட்டுக்குச் சொன்னதாக அவள் நினைத்திருந்தாள்.

"இது யார் சுட்டது?"

"யாரும் சுடலை. துப்பாக்கி காலியா இருக்கான்னு பாக்கும்போது ஆனது."

அந்தக் கூரையின் அத்தனை ஓட்டைகளும் காலித் துப்பாக்கிகள் போட்டவை. குண்டு போட்ட துப்பாக்கியால் அங்கே ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை என்பதை டர்வுட் பெருமையோடு இரண்டு தடவை சொன்னார்.

மான் வேட்டைப் பருவம் நெருங்கிவிட்டதால் கொட்டகையில் கூட்டம். வருஷம் முழுக்கப் பரணில் கிடந்த துப்பாக்கிகளை எல்லோரும் தூசி தட்டி எடுத்து வந்திருந்தார்கள். ஒருவர் வீட்டில் பழுதான பழைய ஃபிரிட்ஜைத் தூக்கிவந்து சுட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் மாமியார் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை. முதல் மேசையில் ஒரு கிழவர் விசையை இழுத்தார், வெடிக்கவில்லை. என்ன கோளாறு என்று துப்பாக்கியைத் திருப்பிக் குழாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அடுத்த மேசைக்காரன் காலையிலிருந்து துப்பாக்கியின் குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டிருந்தான். அவன் சுட்ட ஒரு குண்டும் மண்மேட்டடியில் நட்டிருந்த அவன் குறி அட்டையில் இல்லை. அத்தனையும் பக்கத்து மேசைக்காரரின் அட்டையில் நட்டநடுவில் விழுந்திருந்தன. பக்கத்து மேசைக்காரரோ தன் துப்பாக்கியை முத்தமிட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் நான் சுட ஆரம்பிக்கவே இல்லை, பாருங்க அது வேலையை!" என்று ஓப்பலிடம் காட்டினார்.

அந்தச் சமயத்தில் கோடியில் இருந்த ஒரு பையன், "டர்வுட் சார், கழிப்பறை எங்க?" என்று கேட்டபடி கையில் துப்பாக்கியோடு முழுசாகத் திரும்பினான். குழாய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அது வந்த வரிசையிலேயே எல்லாத் தலைகளும் ஒவ்வொன்றாகக் குனிந்து நிமிர்ந்தன. யாரும் பேச்சை நிறுத்தவில்லை. ஒருவர் குனிந்தபடியே சாண்ட்விச்சைக் கடித்தார், இன்னொருவர் குனிந்தபடியே நகைச்சுவைத் துணுக்கை முடித்தார், மற்றவர்கள் நிமிரும்போது சிரித்தார்கள். குனியத் தெரியாமல் நின்றவள் ஓப்பல் ஒருத்திதான். டர்வுட் அவள் தலையைப் பிடித்து அமுக்கினார்.

"பாத்தீங்களா ஒழுங்கை?" என்றார் தரையிலிருந்து. "பயிற்சி. எல்லாம் பயிற்சிம்மா."

இப்போது அட்டை மாற்றும் நேரம். அட்டை மாற்ற ஆட்கள் மண்மேட்டுப் பக்கம் நடந்து போக வேண்டும். அதற்குமுன் எல்லோரும் சுடுவதை நிறுத்தித் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும். வெர்லின் கொட்டகை நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்: "நிறுத்து! எல்லாரும் நிறுத்து!"

யாரும் நிறுத்தவில்லை. எல்லோர் காதிலும் மூடி. காது மூடி அணிய வேண்டும் என்பது ஒரு விதி; பிரிம்லி ஹாலோவில் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அந்த ஒரு விதியைத்தான்.

"என்ன?" என்று ஒருவர் கேட்டுவிட்டுச் சுட்டார்.

"நிறுத்துன்னேன்!"

"என்ன?" டமால்.

வெர்லின் ஒவ்வொருவராகத் தோளைத் தட்டிக்கொண்டு போனார். தோளைத் தட்டியதும் திடுக்கிட்டு இரண்டு பேர் சுட்டார்கள். ஒருவழியாக நிறுத்தம் வந்தது. ஆட்கள் அட்டை மாற்றப் போனார்கள். அவர்கள் அங்கே நிற்கும்போதே, தாமதமாக வந்த ஒருவர் காரைவிட்டு இறங்கி, காதை மூடிக்கொண்டு, உட்கார்ந்து குறி பார்க்க ஆரம்பித்தார். வெர்லின் அவர் மேல் பாய்ந்தார்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இங்கே படித்துக்கொண்டே இடித்தார்கள். இடித்த கல் ஓப்பல் வீட்டில் வந்து விழுந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை பெரிய மனிதர்கள், வில்லை, பதக்கம், உறுதிமொழி! அவளுடைய பள்ளிக்கூடத்தில் கத்தியை நீட்டிக்கொண்டு ஓடுகிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இவர்களைவிட அறிவு அதிகம். அதட்டினால் அதுவாவது கத்தியைக் கீழே போடும்.

ஆனால் கத்தினால் இவர்கள் காதில் விழாது என்பதைத்தான் இப்போது நேரில் பார்த்தாளே. அவள் புன்னகை செய்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு டர்வுட். எல்லாரும் கேளுங்கப்பா!" காது மூடிகளைத் தூக்கும்வரை காத்திருந்தாள். "உங்க இடத்தை நான் பாத்துட்டேன். என் இடத்தை நீங்க பாக்க வேண்டாமா? வர்ற சனிக்கிழமை காலையில கமிட்டி முழுக்க என் வீட்டுக்கு வாங்க. கொல்லையில மேசை போட்டு ஆப்பிள் கேக்கும் காபியும் தரேன். ரெண்டு மணி நேரம் நிம்மதியா உக்காந்து சாப்பிடுங்க. அப்புறம் திங்கக்கிழமை கவுண்டியில போய், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைன்னு நானே சொல்றேன்."

கொட்டகை முழுக்கக் கைதட்டியது. டர்வுட்டின் முகம் மட்டும் மாவு டப்பா கவிழ்ந்த மாதிரி வெளுத்தது.

"சனிக்கிழமையா? வேட்டைக்கு முந்தின சனிக்கிழமை. அன்னிக்குத்தான் வருஷத்துலயே கூட்டம் ஜாஸ்தி..."

"அதனாலென்ன? ஒரு குண்டும்தான் வெளியே வராதே?"

"வராது," என்றார் டர்வுட். வேறு என்ன சொல்ல முடியும்? எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வரவே வராது."

சனிக்கிழமை விடிந்தது. நல்ல குளிர், நல்ல வெயில். ஓப்பல் கொல்லையில் நீள மேசையைப் போட்டு வெள்ளை விரிப்பு விரித்தாள். விருந்தாளிகளின் நாற்காலிகளைச் சரிவைப் பார்க்கிற மாதிரி வைத்தாள். காட்சி அழகாக இருக்கும். தன் நாற்காலியைக் கொல்லையில் நின்ற பழைய கல் புகைக்கூண்டின் மறைவில் போட்டுக்கொண்டாள். திட்டம் போட்டுச் செய்ததில்லை. அந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு உடம்பே அங்கேதான் போகும்.

கமிட்டி முழுசாக வந்தது. டர்வுட் கழுத்தில் டை கட்டியிருந்தார். வெர்லின் பதக்கத்தை மினுக்கியிருந்தார். மேலே சரிவில் ஒரு சத்தமும் இல்லை. காக்கை கரைவது கேட்டது.

"கேளுங்கம்மா," என்றார் டர்வுட், நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டி. "என்ன அமைதி! இதுக்கா இத்தனை பேச்சு?"

"அதான் நானும் யோசிக்கறேன். இன்னிக்கு மேல சந்தைக் கூட்டமா இருக்கணுமே. ஏன் ஒரு சத்தமும் கேக்கலை?"

"பாதுகாப்பாச் சுட்டா சத்தம் வெளியே வராதும்மா."

ஓப்பல் காபியை ஊற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கேக்கைப் பார்த்தார்.

"சுடுதளத்தை மூடிட்டு வந்திருக்கீங்க."

"மூடலை! யார் சொன்னா? பராமரிப்பு. வருடாந்தரப் பராமரிப்பு. தற்செயலா இன்னிக்கு விழுந்துடுச்சு."

"உறுப்பினர் ஒவ்வொருத்தர்கிட்டயும் வாசல் சாவி இருக்கே, என் தம்பிகிட்டகூட. மூடினது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

டர்வுட் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. "பலகை வெச்சிருக்கேன். பெரிசா, வெள்ளைவெளேர்னு, சிவப்பு எழுத்துல 'மூடப்பட்டுள்ளது'ன்னு. வாசல்ல வெச்சா எவன் பாக்கறான்? அதனால, கொட்டகையில உக்காந்தா எல்லார் கண்ணும் எங்க போகுமோ அங்கயே வெச்சுட்டேன். மண்மேட்டு உச்சியில. காலையில நானே ஏறி நட்டேன்."

ஓப்பலின் கையில் காபிக் கூஜா நின்றது. அவள் சரிவின் உச்சியைப் பார்த்தாள். மண்மேட்டுக்கு மேலே, வானத்தில், புத்தம்புதிய பலகையின் முதுகு பளபளத்துக்கொண்டு நின்றது.

"டர்வுட், புதுப் பலகையா வெச்சீங்க?"

"புத்தம் புதுசு. பெயிண்ட்கூட..."

முதல் குண்டு கூரைமேல் காற்றுத் திசை காட்ட நிறுத்தியிருந்த தகரச் சேவலின் வாலை எடுத்துக்கொண்டு போனது.

"அது என்ன?" என்றார் வெர்லின்.

இரண்டாவது குண்டு கேக்கின் நடுவே புகுந்து ஆப்பிளைக் கமிட்டியின் டைகளில் தெளித்தது. அந்தக் கணத்தில் மேசையைச் சுற்றி ஒரு மனிதரும் இல்லை. எல்லோரும் மேசைக்கடியில் இருந்தார்கள். கட்டைவிரல் இல்லாத வெர்லின்தான் முதலில் போய்ச் சேர்ந்தவர். ஓப்பல் கூஜாவோடு கல் புகைக்கூண்டின் பின்னால் நின்றாள்.

"எங்க போய்ட்டீங்க எல்லாரும்? எழுந்து உக்காருங்க. மரங்கொத்திதானே?"

மேலே டமால் டமால் என்று பத்துப் பேர் சேர்ந்து சுடுகிற சத்தம். ஒரு புதுப் பலகைக்கு இத்தனை பேர் ஆசைப்பட்டால் என்ன ஆகும்? குண்டுகளில் பாதிக்கு மேல் தப்பிப் போய், கொல்லைப்புற ஆப்பிள் மரத்துக் கிளைகளை ஒடித்தன.

"ஃபோன் போடு, ஃபோன் போடு!" என்று மேசைக்கடியில் டர்வுட் அலறினார்.

"போட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஒருத்தனும் எடுக்கலை. காதுல மூடி மாட்டியிருக்கானுங்க!" என்றார் வெர்லின்.

"பாவிப் பசங்க! எந்த விதியைக் கடைப்பிடிக்கறானுங்க பாரு!"

"டர்வுட், மண்ணு எப்ப வரும்?" என்றாள் ஓப்பல் புகைக்கூண்டின் பின்னாலிருந்து.

"இப்பவா அதைப் பேசறது? அதுக்குக் கமிட்டி கூடணும். எல்லாரும் இருக்கணும். தீர்மானம் முன்மொழியணும்..."

"கமிட்டிதான் கூடியிருக்கே. ஒரு ஆள் குறையலை. எல்லாரும் ஒரே இடத்துல, ஒருத்தர் மேல ஒருத்தர்."

ஒரு காபிக் கோப்பை வெடித்துச் சிதறியது.

"முன்மொழியறேன்!" என்று கத்தினார் வெர்லின். "மண்மேட்டை உயர்த்தணும்!"

"அப்படிச் சொல்லக் கூடாது வெர்லின்," என்றார் டர்வுட். முகம் புல்லில் பதிந்திருந்ததால் சொல் தெளிவாக வரவில்லை. ஆனாலும் தலைவர் தலைவர்தான். "குண்டு வெளியே போச்சுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நம்ம பேர் என்ன ஆகறது? இப்படி எழுதிக்கோ: மரங்கொத்திகளோட நலனைக் கருதி மண்மேட்டை உயர்த்தறது. ஆதரிக்கறவங்க கையைத் தூக்குங்க."

கையைத் தூக்க யாருக்கும் தைரியம் இல்லை. ஆளுக்கு ஒரு விரலை மட்டும், அதுவும் புல்லின் உயரத்துக்கு, தூக்கினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சற்று நேரத்தில் பலகை விழுந்துவிட்டது போலிருக்கிறது, சத்தம் நின்றது. கமிட்டி எழுந்து வரத் துணியுமுன் சரிவில் கார்லைல் துள்ளிக்கொண்டு ஓடிவந்தான். தோளில் துப்பாக்கி, முகமெல்லாம் பல்.

"அக்கா! அக்கா! மேல ஒரு புதுப் பலகைக்கா! என்னவோ எழுதியிருந்தது, சிவப்பா. நான் முதல் எழுத்தையே பேத்துட்டேன். எல்லாரும் என் முதுகுல தட்டினாங்க!" அவன் நின்றான். மேசைக்கடியில் பார்த்தான். "தலைவர் என்ன தேடறாரு?"

ஓப்பல் தோளில் கிடந்த கைத்துண்டை உருவினாள். அதை முறுக்கித் தம்பியை வீட்டைச் சுற்றி விரட்டி விரட்டி அடித்தாள். அவன் வயசுக்கு வேகமாகத்தான் ஓடினான். அழுகையும் சேர்ந்துதான் வந்தது அவளுக்கு. "நான் செத்திருப்பேண்டா! எருமை! நான் செத்திருப்பேன்!"

"மரங்கொத்திக்கா! சத்தியமா மரங்கொத்தி!" என்று கத்திக்கொண்டே ஓடினான் அவன்.

திங்கள்கிழமை ஓப்பல் சொன்ன சொல் தவறாமல் கவுண்டி அலுவலகத்துக்குப் போய், ஆட்சேபணை இல்லை என்றாள். டர்வுட்டும், என்ன ஆச்சரியம், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லாரி லாரியாக மண் வந்தது. மண்மேடு பழைய உயரத்துக்கு, அதற்கும் மேலேயே, எழும்பியது. குளிர்காலம் முழுக்க ஓப்பல் ஜன்னல் பக்கம் நின்று நிம்மதியாகப் பாத்திரம் கழுவினாள். கண்ணாடியை மாற்றினாள். புதுத் திரைச்சீலைகூடத் தைத்துப் போட்டாள்.

வசந்தம் வந்து பனி கரைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்லைல் பழையபடி கேக்குக்கு வந்தான். அவனை மறுபடி கேக்குக்கு அனுமதித்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

"அக்கா, ஜன்னல் வழியாப் பாரு. உனக்கு ஒரு மரியாதை பண்ணியிருக்கோம். கமிட்டித் தீர்மானம். நேத்து ராத்திரியே நட்டாச்சு."

ஓப்பல் பார்த்தாள். உயர்த்திய மண்மேட்டின் உச்சந்தலையில், நட்டநடுவில், பெரிய பலகை ஒன்று நின்றது. அதன் முதுகுதான் தெரிந்தது. வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"என்னடா எழுதியிருக்கு அதுல?"

"உன் பேருதான்! பெரிய எழுத்துல. 'ஓப்பல் கெஸ்ஸிங்கர் நினைவு மண்மேடு'. எல்லாரும் கைதட்டினாங்க தெரியுமா?"

"நினைவா? நான்தான் உயிரோட இருக்கேனேடா!"

"அதை நானும் கேட்டேன். டர்வுட் சொன்னாரு, எப்படியும் ஒருநாள் பொருந்தத்தானே போகுது, ரெண்டாவது பலகை எதுக்குன்னு." கார்லைல் கேக்கை ஒரு வாய் வைத்தான். "பலகை வெச்சு இன்னிக்குத்தான் முதல் நாளு. பசங்க எல்லாரும் மேல போயிருக்கானுங்க. நானும் சாப்டுட்டுக் கிளம்பணும்."

ஓப்பல் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. வெள்ளைப் பலகையின் நடுவில், ஊசி முனை அளவுக்கு, வெளிச்சம் ஒன்று தெரிந்தது.

அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள். காபியை எடுத்துக்கொண்டு, அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து அவனையும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.